ஒரு வாய் முள்ளங்கிப் பாயசம்

வாய்க்குள் இருக்கிறது.

அவனால் விழுங்கவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

எதிரே மைக். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. மகளிர் நிகழ்ச்சி, நேரடி ஒலிபரப்பு.

முள்ளங்கிப் பாயசம்.

வெல்லம் பட்டுத் திரிந்த பால், கட்டி கட்டியாக நாக்கின் மேல் படுத்துக்கொண்டது. துருவல் வேகவில்லை. பல்லிடுக்கில் புகுந்து கீச்சென்றது. அதையாவது மன்னிக்கலாம். பிள்ளைகளுக்குச் சத்துச் சேர வேண்டும் என்று, இறக்கும்போது மீன் எண்ணெய் இரண்டு கரண்டி. செத்து வாரமான கடல் ஒன்று தொண்டைக்குழி வரை வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டது.

அறைக்குச் சன்னல் கிடையாது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று சுவர் முழுக்க மெத்தை. மின்விசிறியும் சத்தம் போடும் என்று நிறுத்திவிட்டார்கள். வாடை எங்கே போகும்? அவனையே சுற்றிச் சுற்றி வந்தது.

"எப்படீங்க இருக்குது? நேயர்களுக்குச் சொல்லுங்க," என்றாள் சௌந்தராம்பாள்.

அந்தப் பாயசத்தைப் பெற்றெடுத்து, செய்முறையையும் நேயர்களுக்குச் சொல்லி முடித்தவள். நிலைய இயக்குநரின் கொழுந்தியாள். யார் கண்ணுக்கும் தெரியாத வானொலிக்குப் பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாக வந்திருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநரே நிற்கிறார். தற்காலிக அறிவிப்பாளனான அவனை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டிய விரல்கள், கண்ணாடியில் தாளம் போடுகின்றன.

வானொலியில் மௌனம் விழக் கூடாது. ஒரு தும்மல் நேரம் விழுந்தாலும் போதும், எந்தத் தலைவரோ போய்விட்டார் என்று ஊர் கடையை அடைத்துவிடும்.

இதே வாய்தான் காலைச் சிந்தனையில் வாய்மையைப் பற்றி உருகியது. அப்புறம் அணைகளின் நீர்மட்டம் சொன்னது. காய்கறி விலை சொன்னது. நெல்லில் புகையான் விழுந்தால் என்ன மருந்து அடிக்கலாம் என்று உழவர்களுக்குப் புத்தி சொன்னது.

அந்த மருந்தும் இப்படி நாறாது.

விழுங்கினான்.

கண்ணில் நீர் முட்டியது. காது மடல்கூடக் கசந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த தாளில் இதற்கு வரி இல்லை. உள்ளே தேடினான். ஒரே ஒரு சொல்தான் இருந்தது. தினமும் மத்தியானம், மனைவி பரிமாறிய முதல் உருண்டை நாக்கில் பட்டதும் தானாக வந்துவிடும் சொல்.

"ஆஹா!"

முதல் எழுத்து நீண்டு, இரண்டாவது மூச்சோடு கரைகிற ஆஹா. அப்படியே வந்தது. இம்மியும் குறையவில்லை.

சௌந்தராம்பாள் முந்தானையால் வாயைப் பொத்தி வெட்கப்பட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் தாளம் நின்றது. இயக்குநரின் தலை திருப்தியாக ஆடியது.

பிற்பகல் செய்தியையும் நாடக முன்னறிவிப்பையும் படித்து முடித்துச் சைக்கிளை எடுத்தான்.

ஊரே நாறியது.

வீட்டுக்கு வீடு முள்ளங்கி வெந்தது. சந்தையில் கடைசிக் கட்டுக்காக இரண்டு பெண்கள் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். மருந்துக்கடையில் மீன் எண்ணெய்க்கு வரிசை, சினிமாக் கொட்டகையையும் தாண்டி நின்றது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள், அலறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே திரும்பி ஓடினார்கள். தெருமுனையில் ஒரு நாய் யாரோ கொட்டியதை முகர்ந்து பார்த்தது. பின்னங்காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிற்று.

மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுப் படி ஏறினான்.

மனைவி டம்ளரோடு நின்றாள்.

"ரேடியோல கேட்டனுங்க. நம்மூட்டுல சொல்றாப்பலயே சொன்னீங்க. அப்படி என்னதான் இருக்குதுன்னு உடனே செஞ்சுபோட்டேன். குடிங்க."

இங்கே கண்ணாடி இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. உண்மையைச் சொல்லலாம்.

ஆனால் அடுப்புச் சூட்டில் சிவந்த முகம். காதோரம் வழியும் வேர்வை. அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தான்.

அதே கடல். இந்த முறை அனுமதி கேட்கவில்லை.

"ஆஹா!"

"நெசமாத்தானுங்களா?"

"பிரமாதம்! அந்தம்மா செஞ்சதைவிட ஒரு படி மேல."

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நானும் ஒரு வாய் குடிச்சுப் பாத்தனுங்க," என்றாள்.

இலை எடுக்க உள்ளே திரும்பினாள்.

அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. கொல்லையில், வாழையடியில், பாயசப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. அவனுக்கென்று ஒரு டம்ளர் மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள்.

இலை போட்டாள். சோறு வைத்தாள். கத்தரிக்காயும் தட்டைப்பயறும் போட்ட குழம்பை ஊற்றினாள்.

முதல் உருண்டை.

கடல் பின்வாங்கியது. செத்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. புளிப்பு ஒரு பக்கமும் உறைப்பு ஒரு பக்கமும் தாங்க, நடுவே வெண்ணெயாய்க் கரைந்தது கத்தரிக்காய். இத்தனை வருஷத்தில் அவள் கையிலேயே இப்படி வாய்த்ததில்லை.

"இது எப்படீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவையும் இதைக் கேட்டதில்லை. கேட்குமுன் வந்துவிடும்.

அவன் வாயைத் திறந்தான்.

உள்ளே தேடினான்.

அந்த ஒரு சொல்தான் இருந்தது.

மௌனம் விழுந்தது.

அவள் எழுந்து, குழம்புச் சட்டியை மூடினாள்.