புதுக் கைலி

“விழுந்தது ஜகார்த்தாக்காரராம்” என்று வாக்கி டாக்கியைக் காதிலிருந்து எடுத்தார் சுமைதூக்கிகளில் மூத்தவரான அமாக் சஹ்ரி. “இருநூத்திப் பதினாலாம் நம்பர். பேரு வீராவான்.”

ருகினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிஞ்சானி எரிமலையின் உச்சிக்குக் கீழே, சரளைச் சரிவில் யாரோ உருண்டுவிட்டார்கள் என்று கேட்டதுமே, மலை ஓட்டப் பந்தயத்தின் முடிவுக்கோட்டருகே போட்டிருந்த காப்பிக் கடையை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் ஓடி வந்திருந்தாள். அவள் புருஷன் நூர்சைமும் மேலேதான் இருந்தான்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. “உயிரு இருக்கா அமாக்?”

“எங்க? பள்ளத்துல குப்புறக் கெடக்காராம். ரெண்டு மணி நேரமா அசைவே இல்ல. பைனாகுலர்ல பார்த்தா முதுகுல இருக்கற நம்பர் மட்டும் தெரியுதாம்.” அமாக் சஹ்ரி காறித் துப்பினார். “நாமளாவது வயித்துக்காக ஏறுறோம். இவங்களுக்கு என்ன கேடு? ஒரு பதக்கத்துக்காக வந்து சாகுறாங்க.”

“தூக்க யாரு போறா?”

“நம்ம பசங்க எட்டுப் பேரு. உன் வீட்டுக்காரன் மேலதானே இருக்கான், அங்க அவன்தான் முதல் ஆளா நிப்பான்.”

அதைக் கேட்க ருகினாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இருபது வருஷமாக மலையில் சுமை தூக்குகிற நூர்சைம், மூன்று பிணங்களை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறான். தோளில் மூங்கில் தடி, காலில் ரப்பர் செருப்பு, அதற்கு மேல் அவனிடம் சாமான் கிடையாது.

“ஓடுறவங்களுக்குத் தண்ணி தூக்கிட்டுப் போறேன்” என்று விடியும் முன்பே கிளம்பிப் போயிருந்தான். காலையில் பார்த்தால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பந்தயக்காரர்கள் ஷூ கொடுத்திருப்பார்கள், போட்டுக்கொண்டு மினுக்கட்டும் என்று ருகினா சிரித்துக்கொண்டாள்.

எட்டுப் பேரும் கயிறும் மூங்கிலுமாகக் கிளம்பினார்கள். உடம்பை மூட ஒரு துணி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“நில்லுங்க!” என்று ருகினா கடைக்கு ஓடினாள். பெருநாளுக்கென்று வாங்கிய பழுப்புக் கட்டம் போட்ட கைலி அங்கே மடித்து வைத்திருந்தது. நனைந்து நடுங்கி இறங்கி வரும் புருஷன் மாற்றிக் கட்டிக்கொள்வதற்காக எடுத்து வந்திருந்தாள்.

“இதைப் போர்த்திக் கொண்டு வாங்க.”

“புதுசு புள்ள” என்றார் அமாக் சஹ்ரி. “நூர்சைம் திட்ட மாட்டானா?”

“திட்டினா திட்டட்டும். செத்த நேரம் ஈரத்தோட நின்னா கரைஞ்சா போயிடுவாரு? பாவம், யாரு பெத்த பிள்ளையோ!”

கைலியோடு ஆட்கள் மூடுபனிக்குள் மறைந்தார்கள். ருகினா கடைக்குத் திரும்பி அடுப்பைத் தூண்டிவிட்டு, நூர்சைமுக்கென்று ஒரு டம்ளர் இஞ்சிக் காப்பியைத் தனியாக மூடி வைத்தாள்.

அப்போது கடையை ஒட்டி ஒரு கார் வந்து நின்றது. ஓட்டக்காரர் உடையில் ஒருவர் இறங்கினார். தலைமுடி கலையவில்லை, ஷூவில் ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்லை.

“காப்பி வேணுங்களா?”

“காப்பி வேணாம். பதக்கம் எங்கக்கா தர்றாங்க?”

“அந்தக் கூடாரத்துல. ஓடி முடிச்சவங்களுக்குத்தான் தருவாங்க.”

அவர் லேசாகச் சிரித்தார். காப்பிக் கடைக்காரியிடம் என்ன ஒளிவுமறைவு என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“என் பேரு வீராவான். எனக்குப் பதிலா என் நம்பரை மாட்டிக்கிட்டு ஓடுன நூர்சைம் வந்துட்டானா?”