சக்கரத்துக்கு ஒரு ஆள்

அவள் சக்கரத்தைத் தொடவில்லை.

திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக் கதவின் முன்னால் ஐந்து வீரர்கள். நான்கு பேர் கதவைப் பார்த்து நின்றார்கள். பச்சை அங்கிக்காரி மட்டும் அவர்களைப் பார்த்து நின்றாள்.

பச்சை அங்கி அவளுடையது.

"அக்கா, ரெடியா?"

ஹெட்போனில் குருபரன். அணித் தலைவன். ஓசூரில் ஏதோ ஒரு மாடி அறையிலிருந்து பேசுகிறான்.

"ரெடி," என்றாள்.

யாரும் நகரவில்லை.

விளையாட்டு அப்படி. கதவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புச் சக்கரம். அதைச் சுற்றினால் கதவு ஏறும். விட்டால் இறங்கிவிடும். ஒருவர் வெளியே நின்று பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மற்றவர்கள் உள்ளே போய்ப் பனி அரக்கனைக் கொல்ல முடியும். முதலில் கொன்ற அணியின் பெயர்கள் நகர வாசலில் உள்ள கல்லில் ஏறும். ஒரு கோட்டைக்கு ஒரு கல், ஒரே முறை.

உள்ளே போனவர்களின் பெயர்கள் மட்டும்.

மூன்று வருடம் முன்னால் மணல் கோட்டையில் சக்கரம் பிடித்தது அவள். அது நடுங்கும் நேரம் பார்த்து விசைப்பலகையில் விரல் மாற்றும் வித்தையைக் கண்டுபிடித்ததும் அவள். பதினோரு நிமிஷம். விரல் மரத்துப்போய்விட்டது.

மற்ற நால்வரும் வெளியே வந்தார்கள். குதித்தார்கள். அப்படியே கல்லைப் பார்க்க ஓடினார்கள்.

அடுத்த கோட்டையில் அவள் உள்ளே என்றான் குருபரன்.

அடுத்த கோட்டை வரவே இல்லை. வந்ததெல்லாம் கடைகள். காசு கொடுத்தால் சிறகு. காசு கொடுத்தால் குதிரை. ஒரு வருட உழைப்பில் அவள் சம்பாதித்த கேடயத்தைத் தீபாவளிச் சலுகையில் யாருக்கு வேண்டுமானாலும் விற்றார்கள். அன்று கணினியை அணைத்தவள்தான். அதன்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி ஏறி உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் குருபரனிடமிருந்து செய்தி.

பனிக்கோட்டை திறந்துட்டாங்க அக்கா. நாலு பேரா இருபத்தாறு தடவை போயாச்சு. தேன்மொழின்னு ஒரு புதுப் பொண்ணு, அவளுக்குச் சக்கரம் நிக்க மாட்டேங்குது. வாங்களேன்.

துணியை எடுத்து மடித்து வைத்தாள். கடவுச்சொல்லை விரல்கள் மறக்கவில்லை.

விளையாட்டு தேறியிருக்கவில்லை. நகரத்தில் ஆளே இல்லை. நடந்தால் திரை திக்கியது. திரும்பி வந்ததற்குப் பரிசு என்று ஒரு பூசணிக்காய்த் தொப்பியைத் தலையில் வைத்தார்கள். கழற்றிப் போட்டாள். அவள் தொப்பிக்கு வரவில்லை.

"அக்கா, சக்கரம்."

"யார் பிடிக்கிறது?"

அவன் சிரித்தான். "என்ன கேள்வி? உங்களை விட்டா யாரு?"

"நான் உள்ளே வரேன், குரு."

அவன் அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"அக்கா, விளையாடாதீங்க."

"அதுக்குத்தானே கூப்பிட்டே."

"எங்களுக்கு அது வரலையே. இருபத்தாறு தடவை."

"சொல்லித் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

வரைபடத்தின் ஓரத்தில் ஐந்து சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. இன்னோர் அணி. மலைப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு. பாருங்க, வந்துட்டாங்க. அவங்க முடிச்சுட்டா நம்ம யார் பேருமே இல்லை."

"வரட்டும்."

தட்டிலிருந்த கொய்யாத் துண்டை எடுத்துக் கடித்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் அளவாக இருந்தன. அவள் பெயர் இல்லாத கல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இன்னொன்றைப் பார்த்து அவள் பயப்படப்போவதில்லை.

"நானே பிடிக்கிறேன் அண்ணா." மெல்லிய குரல். தேன்மொழி. "இன்னும் ஒரே ஒரு தடவை. அக்கா சொல்லித் தந்தா வந்துடும்."

"சூப்பர்மா," என்றான் குருபரன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நீலக் கவசம் போட்ட சின்ன உருவம் வரிசையிலிருந்து பிரிந்து சக்கரத்தை நோக்கி நடந்தது.

பச்சை அங்கி குறுக்கே போய் நின்றது.

இந்த விளையாட்டில் ஒருவரை இடித்துக்கொண்டு இன்னொருவர் போக முடியாது. குறுகலான இடங்களில் வழி அடைத்துக்கொள்ளும். அதற்காகவே பல பேர் திட்டிவிட்டு விலகியிருக்கிறார்கள். நீலக் கவசம் இடது பக்கம் நகர்ந்தது. பச்சையும் இடது பக்கம். வலது பக்கம். பச்சையும் வலது.

"நீ இல்லைடா. நீ உள்ளே போ."

"பரவாயில்லைக்கா."

"எனக்குப் பரவாயில்லைன்னு தோணலை."

"அப்போ யாருதான் பிடிக்கிறது?" மற்ற இருவரில் ஒருவன் அலுத்துக்கொண்டான்.

கேட்டு முடித்ததும் அவனுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். அவனுடைய வீரன் மெதுவாகத் தலைவன் பக்கம் திரும்பினான். இன்னொருவனும் திரும்பினான். கொஞ்சம் தயங்கி, நீலக் கவசமும்.

சிவப்புப் புள்ளிகள் படியின் பாதியைத் தாண்டிவிட்டன.

குருபரனின் வீரனுக்குத் தங்கச் சிறகு. கடையில் இருப்பதிலேயே பெரியது. பனி அதன்மேல் விழுந்து விழுந்து சரிந்தது. ஹெட்போனில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் இன்னொரு கொய்யாத் துண்டை எடுத்துக்கொண்டாள்.

சிறகு அசைந்தது. திரும்பியது. பனியில் கால் பதித்து, அவள் முன்னால் வந்து நின்றது.

பச்சை அங்கி ஓரடி விலகி வழி விட்டது.

"வலது பக்கமாப் பிடி, குரு," என்றாள். "முதல்ல கனமாத்தான் இருக்கும்."