பக்கம் பார்க்க ஓர் ஆள்

பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னதில், எங்கள் கட்டடத்து உதயகுமாரியின் காரில் பின்சீட் கிடைத்தது.

முன்சீட்டில் வழக்கம்போல கிளெமென்ற்.

அவள் யாழ்ப்பாணம், கோயில். அவர் மன்னார், தேவாலயம். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, இருவரும் தனி. தினமும் காலையில் நாங்கள் குடியிருக்கும் புறநகர் அம்மருட்டிலிருந்து ஒன்றாக நகரத்துக்குப் போகிறார்கள். அவருக்கும் வேலை அங்கேதானாம். நெடுஞ்சாலையில் இரண்டு பேராவது இருக்கும் காருக்குத் தனித்தடம் உண்டு, அதற்காகத்தான் சேர்ந்து போகிறோம் என்பார்கள்.

எங்கள் கட்டடத்தில் இதை நம்பியவர் எவருமில்லை. உண்மையை அறிந்து வரும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தடத்தில் கார்கள் அசையாமல் நின்றன. எங்கள் தடம் வெறுமையாகக் கிடந்தது. பறக்கலாம். உதயகுமாரியோ மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல ஓட்டினாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போனான்.

நான் மெல்லத் தொடங்கினேன்.

"நாளைக்கும் நான் வாறன் பிள்ளை. ரெண்டு பேர் கணக்குச் சரி. கிளெமென்றுக்கு ஏன் வீண் அலைச்சல்?"

கிளெமென்றின் காது சிவந்தது.

அந்த நேரம் பார்த்து, நின்ற வரிசையில் பொறுமை கெட்ட ஒரு கறுப்புக் கார் எங்கள் முன்னால் பாய்ந்தது.

கிளெமென்ற் "குமாரி" என்றார். அவள் பிரேக்கை மிதித்தாள். ஒரு முழ இடைவெளியில் நின்றோம். பறந்திருந்தால் இதைச் சொல்ல நான் இல்லை.

அவளுடைய ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு அவர் நெஞ்சைத் தாங்கியபடி இருந்தது. என்னைத் தாங்கியது சீற் பெல்ற் மட்டும்தான்.

"பாத்தீங்களே அக்கா, இந்தத் தடத்திலை பக்கம் பாக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

கை இன்னும் எடுபடவில்லை.

நகர நடுவில், நம்மூர்க் காய்கறி விற்கும் குறொன்லாண்டில் நான் இறங்கினேன். வேலை கிட்டத்தான் என்று கிளெமென்றும் இறங்கி, அவள் கார் மறையும்வரை கையசைத்தார். பிறகு விசிலடித்தபடி நிலத்தடி ரயிலுக்குப் படியிறங்கினார்.

முருங்கைக்காய் வாங்க வந்த நான் அதை மறந்து பின்னால் போனேன்.

அவர் ஏறியது நாங்கள் வந்த திசைக்கே திரும்பும் ரயில். அம்மருட்டுக்கு அடுத்த தரிப்பில் இறங்கி, ஒரு சாமான் கிடங்கின் வாசலில் வேலை அட்டையைக் காட்டி உள்ளே போனார்.

எங்கள் கட்டடத்திலிருந்து அது நடைதூரம்.

நாளைக்கு நான் பஸ்ஸிலேயே போகிறேன்.