சுபேதாரின் குரல்

வேலூர் ஜெயசீலன் தன் முப்பாட்டனார் சுபேதார் தேவசகாயத்தின் பழைய ராணுவப் பதிவேடுகளைத் தேடிக் கண்டுபிடித்தான். பதிவேடுகளை வைத்து இறந்தவர்களைப் பேசவைக்கும் ஒரு நிறுவனத்திடம் அவற்றைக் கொடுத்தான். குரல் தயாரானதும் உறவினர்களை விருந்துக்கு அழைத்தான்.

கூடத்தில் வைத்திருந்த சிறிய கருவியிலிருந்து குரல் கனிவாகப் பேசியது. "அந்த ஊர்க்காரங்க ஓடிரக்கூடாதுன்னு கதவையெல்லாம் வெளியில தாழ்போட்டோம். அப்புறம் கூரைக்குத் தீ வச்சோம். அதுக்குத்தான் மெடல் குடுத்தாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஜெயசீலன் அவசரமாக நிறுவனத்தை அழைத்தான்.

"பதிவேட்டுல இருக்கறதைத்தான் சொல்றாரு சார். வேணாம்னா மாத்திடலாம்," என்றாள் மறுமுனையில் இருந்த பெண்.

"மாத்துங்க. வீட்ல பிள்ளைங்க இருக்காங்க."

சற்று நேரத்தில் சுபேதார் மறுபடி பேசினார். எரிகிற வீடுகளின் கதவுகளை உடைத்து மக்களைக் காப்பாற்றியதாகச் சொன்னார். அதே கனிவு. எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயசீலனின் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.

பரிமாறிக்கொண்டிருந்த ஜெயசீலனின் மனைவி எப்சிபா அவருக்குக் கறி போடவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கருவியின் பக்கம் குனிந்தாள்.

"உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்க, தாத்தா?"

"எல்லாரும் பொழைச்சுக்கிட்டாங்கம்மா. நீ சாப்பிட்டியா?"

எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.