இரண்டாவது பாட்டுக்குப் பிறகு

முதல் பாட்டு பாதி ஓடும்போதே மகளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒன்றரைப் பாட்டு இருக்கிறது. அதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

அம்மா நாற்காலியை டேப் ரெக்கார்டருக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தலை சீவி, புடவைகூட மாற்றியிருந்தாள். ஒரு கேசட் கேட்பதற்கு யாராவது புடவை மாற்றுவார்களா?

கேசட்டின் மேல் அப்பாவின் கையெழுத்து. ஜெபப் பாடல்கள்.

"ரெண்டு பாட்டு கழியட்டும் மக்களே. பொறவு கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காது. அணைச்சிராதே. அதுக்குப் பொறவுதான் அப்பா பேசுவாரு."

சொல்லிவிட்டு அம்மா வெட்கப்பட்டாள். ஐம்பத்தைந்து வயதில்.

கல்யாணமான புதிதில், சவூதியில் தம்மாமிலிருந்து அப்பா அனுப்பியது. நாகர்கோவில் வீட்டில் அப்போது பதினொரு பேர். ஒரே டேப் ரெக்கார்டர், அதுவும் கூடத்தில். பெண்டாட்டிக்குப் பேசி அனுப்பினால் மாமியார் முதல் நாத்தனார் வரை சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதனால் மனுஷன் ஒரு வேலை செய்தார். யாரும் ஆசையாக எடுத்துப் போடாத பாட்டுகளாகப் பார்த்து நிரப்பினார். இரண்டாம் பக்கத்தில் இரண்டு பாட்டுக்குப் பின் சற்று நேரம் வெறும் நாடாவை ஓடவிட்டார். முடிந்துவிட்டது என்று யாராக இருந்தாலும் அணைத்துவிடுவார்கள். காத்திருக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இதையெல்லாம் அம்மா இப்போதுதான் சொன்னாள்.

போன மாதம் சொல்லியிருக்கலாம்.

இல்லை. போன மாதம் இவள் கேட்டிருக்கலாம்.

இசைக் கல்லூரியில் கடைசி வருடம். தானே மெட்டமைத்த ஒரு பாட்டை மூன்று பத்தாண்டுகளின் பாணியில் செய்து தர வேண்டும். அறுபதுகளின் வயலின் கூட்டம் கணினியில் வந்துவிட்டது. எழுபதுகளின் கிதாரும் வந்துவிட்டது. எண்பதுகளுக்கு டிரம் மெஷின் போட்டாள், நன்றாகவே இருந்தது. இரைச்சல் மட்டும் பொய்யாக இருந்தது. நிஜக் கேசட்டில் ஒருமுறை பதிந்து திருப்பி எடுத்தால்தான் அந்தக் காலத்து மங்கல் வரும்.

அதற்காகத்தான் டேப் ரெக்கார்டரை வடசேரி ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்தாள். அதைச் சரியாக்கித் தா என்று அம்மா எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் இவளுக்கு நேரம் இருந்ததில்லை.

அலமாரியில் இருந்தவற்றில் மதிப்புக் குறைந்ததாகப் பார்த்து எடுத்தது இந்தக் கேசட்டை. ஜெபப் பாட்டு எங்கும் கிடைக்கும். அப்படியும் அதை அழிக்க மனம் வரவில்லை. கவனமான பிள்ளை அல்லவா. இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டு, இரண்டு பாட்டும் முடிந்து வெறும் நாடாதான் ஓடுகிறது என்று காதால் உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து பதிந்தாள்.

கேசட்டின் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைந்திருந்தது. மேலே யாரும் பதிந்துவிடக் கூடாது என்றால் அதை உடைத்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் பதியும். அதுவும் தெரியும்.

பாழாய்ப்போன படிப்பு.

இரைச்சல் நிஜமாக இருக்கிறது என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

இரண்டாவது பாட்டு தொடங்கியது.

அவள் அறிந்த அப்பா பேசாத மனிதர். சாப்பிட்டியா, மழை வருது, கதவைச் சாத்து. சாகிற வரைக்கும் அதற்கு மேல் பேசியதில்லை. அம்மாவிடம் கனிவாக ஒரு வார்த்தை சொல்லி இவள் கேட்டதே இல்லை. அந்த மனிதர் மனம்விட்டுப் பேசியது இந்த நாடாவில் மட்டும்தான்.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு.

இரண்டாவது பாட்டு முடிந்தது. அவள் சொல்லவில்லை.

வெறும் நாடா ஓடியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

டிரம் விழுந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். போன வாரம் இவளே பெருமையாகப் போட்டுக் காட்டிய பாட்டுதான். அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. நான்கு நிமிடம் அது ஓடியது. தன் பாட்டு இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

டக்கென்று ஒரு சத்தம். பிறகு அப்பா.

"...இதெல்லாம் நேர்ல எனக்க வாயில வராது, ஜெசி. கேட்டு கழிஞ்சதும் அழிச்சிரு."

அவ்வளவுதான். அதற்குமேல் இரைச்சல்.

அம்மா அழிக்கவில்லை. யாரும் அழித்துவிடக் கூடாது என்று அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருக்கிறாள்.

"அம்மா, நான்..."

"அதுக்கு முன்னால என்ன சொன்னாருன்னு மறந்துபோச்சு மக்களே. அதுக்குத்தான் இத சரியாக்கச் சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அம்மாவே பித்தானை அழுத்தி நாடாவைப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் டிரம் விழுந்தது. அம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்து, பாட்டுக்கு அடியில் கேட்கத் தொடங்கினாள்.

டிரம்மை இவ்வளவு சத்தமாக வைத்திருக்க வேண்டாம்.