பீப்பாயின் மூச்சு

ஞானமுத்துவின் கார் ஷெட்டுக்கு ஓட்டை விழுந்த பெட்ரோல் பீப்பாய் ஒன்று வந்து சேர்ந்தது. அதை யார் அடைப்பது என்று ஆர்க் வெல்டிங் மிஷினுக்கும் கேஸ் வெல்டிங் டார்ச்சுக்கும் காலையிலிருந்து ஒரே வாக்குவாதம்.

"மெல்லிசுத் தகடு. உன் ராடு ஓட்டை போட்டுடும்," என்றது டார்ச்.

"உன் சூட்டுல கோணிப்போகும்," என்றது மிஷின்.

"நான் காலிதான். யாரு வந்தாலும் சரி, நெருப்போட வாங்க," என்றது பீப்பாய், சாந்தமாக.

ஞானமுத்து மிஷினைத்தான் இழுத்தார். அதற்குத் தலைகால் புரியவில்லை. மிஷினின் எர்த் கிளிப் பீப்பாயின் விளிம்பைக் கவ்வியதும், ஒயர் வழியாக யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"காலின்னியே?"

"பெட்ரோல் போயிடுச்சு அண்ணே. வாடை இன்னும் உள்ளேதான் இருக்கு, ஒரு பொறி பட்டா போதும்."

மிஷின் டார்ச்சைப் பார்த்தது.

"நீயே ஜெயிச்சிட்டே, போ," என்றது டார்ச், மெதுவாக.

ஞானமுத்து கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு ராடை நீட்டினார்.