கோலில் படுத்த ஆமை

ஏரிக்கரைப் புல்வெளியில் சாயங்காலமானால் பந்தாட்டம். மேற்கே வேலமரத்தில் உட்கார்ந்து கத்துவது மொட்டைவாலன், சொட்டைமூக்கி என்கிற ரெண்டு காக்கைகளின் வேலை.

எதிரே கிழக்குக் கோலில் பந்தைத் தடுக்க ஆமை நின்றது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடும்; பாதிப் பந்து ஓட்டில் பட்டு நிற்கும், மீதி உள்ளே போகும்.

“யோவ், தூங்கறியா? இந்தக் கல்லைப் போய் கோலில் வச்சாரே, அந்தக் கொக்கு கோச்சைச் சொல்லணும்!” என்று காக்கைகள் தினமும் கத்தின. ஆமை மனசு வெறுத்துத் தண்ணிக்குள் போய்விட்டது.

அதன் இடத்துக்கு முயல் வந்தது. வந்த பந்தெல்லாம் உள்ளே போனது. “வெயில்ல கண்ணு கூசுது,” என்றது முயல்.

நம்பாமல் காக்கைகள் கோலுக்குள்ளேயே போய் நின்று பார்த்தன. எதிரே ஏரியும் சூரியனும் ஒன்றாய் உருகிக் கிடந்தன. புல், பந்து, ஆட்கள் எல்லாம் பொன்னாய்க் கரைந்து போயிருந்தன.

சொட்டைமூக்கி தண்ணியோரம் போய்க் கூப்பிட்டது. “அண்ணே, இந்த வெளிச்சத்துல எப்படித்தான் பிடிச்சே?”

ஆமை தலையை நீட்டியது. “பந்து உருண்டா தரை நடுங்கும். வயித்தை வச்சுப் படுத்தா தெரியும்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“உங்க சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கும்? எனக்குத் தரையே கேட்கலை.”

“நாளைக்கு வா அண்ணே. வாயைத் திறக்க மாட்டோம்.”

மறுநாள் ஆமை வந்து படுத்தது. பந்து கிளம்பியது. மொட்டைவாலன் அலகைச் சிறகுக்குள் செருகி, கண்ணையும் மூடிக்கொண்டது.

வேலமரத்துக் கிளை வழியே ரொம்ப மெல்லிசாக ஒரு நடுக்கம் அதன் காலுக்கு வந்தது. உருண்டு உருண்டு போய், ஓட்டில் பட்டு, ‘டொக்’கென்று நின்றது.